டிஸ்க்கில் இல்லாத ஃபைல்

அன்று காலையிலிருந்து அந்த ஃபைலை எத்தனை தடவை திறந்திருப்பாள் என்று தங்கத்தாய்க்கே தெரியாது. திறப்பாள். ஆறு வரிகளையும் மேலிருந்து கீழே பார்ப்பாள். மூடுவாள். எழுந்து ஏ.சி.யின் சத்தத்தைக் கவனிப்பதுபோல நிற்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் டெர்மினலில் மெஹர்பானு டைப் அடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து திறந்தால் மூன்றாம் வரியின் எண் ஏறியிருக்கும். அடிக்கிறவளுக்கு எண் ஏறத்தான் செய்யும்.

ஆனால் திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆறு பேரிலும் அவள் எண்தான் கடைசி. மற்றவர்களுக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம். அவளுக்கு ஏழாயிரத்துச் சொச்சம்.

அதற்காக அவளை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள். மெஹர்பானுவுக்கு அது இன்னும் தெரியாது. சூப்பர்வைசர் பெத்துராஜ் காலையில் மெஷின் இருக்கும் ஏ.சி. அறைக்குள் வந்து, சட்டைக் காலரைப் பின்னால் தூக்கிவிட்டுக்கொண்டு, தங்கத்தாயிடம் மட்டும் சொன்னார்.

"மூணாம் நம்பர சனிக்கிழமையோட நிறுத்தச் சொல்லிட்டாரு முதலாளி."

"ஏன் அண்ணாச்சி?"

"என்னயக் கேட்டா? உன் மெஷினுதானம்மா சொல்லுது. போன மாசம் எல்லாவளுக்கும் மேல இருந்தா. திங்கட்கிழமையிலருந்து கூட ரெண்டு மணி நேரம் இருக்கணும்னு சொன்னதும் மொகத்தத் தூக்கிட்டா. வேணும்னே கையக் கட்டிக்கிட்டு இருக்கா."

"அவங்க விண்ணப்பக் கட்டு நிறைய முடிக்காங்களே."

"அதான் சொல்லுதேன். கட்டு கூட, அடி கொறவு. அப்பம் என்ன அர்த்தம்? ஒல்லிக் கட்டாப் பாத்துப் பொறுக்கி எடுக்கா."

"பொறுக்கி எடுத்ததப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அதான் நம்பர் இருக்குல்லா."

இன்னும் கொஞ்ச நேரம் குளிரில் நின்றுவிட்டு அவர் போனார். தங்கத்தாய்க்குப் பதில் எப்போதும் ஆள் போன பிறகுதான் வரும்.

ராஜபாளையம் ரோட்டில் ஓர் உரக்கடை மாடியில் இருந்தது ஆபீஸ். ஆடிக்காற்றுக்கு ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே இருந்தன. கீழிருந்து யூரியா வாடை வரும். பம்பாயில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரிவில் இருந்த முதலாளி துரைப்பாண்டி ஊருக்குத் திரும்பி ஆரம்பித்த கம்பெனி. பெரிய ஊர்களில் ஒரு கம்பெனி ஷேர் வெளியிட்டால், பணம் கட்டியவர்களின் விண்ணப்பங்கள் மூட்டையாகச் சங்கரன்கோவிலுக்கு வரும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த ஆறு பெண்கள் அவற்றை ஆறு டெர்மினல்களில் அடித்து ஏற்றுவார்கள். ஆறுக்கும் சேர்த்து ஒரே மெஷின். அதைப் பார்த்துக்கொள்வது தங்கத்தாய். பி.எஸ்ஸி. இயற்பியல். முதல் வேலை. ஒரு வருஷம் ஆகப்போகிறது.

மெஷினில் ஓடும் எல்லா ப்ரோகிராம்களுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. ஒரு விசையைத் தட்டினால் அது முதலில் கெர்னலிடம்தான் போகும். கெர்னல் அதை உரிய ப்ரோகிராமிடம் கொடுக்கும். ஆறு பேர் ஒரே மெஷினில் ஒருவரையொருவர் இடிக்காமல் வேலை செய்ய முடிவது அதனால்தான். யார் இருக்கிறார்கள், எப்போது வந்தார்கள், கடைசியாக எப்போது தட்டினார்கள் என்பதெல்லாம் அதன் மெமரியில் இருக்கும். தன் வேலைக்காக அது வைத்திருப்பவை அவை. வெளியே காட்டுவதற்காக வைத்தவை இல்லை.

ஆனி மாதம் முதலாளி கூப்பிட்டார்.

"ஏம்மா தங்கம், யாரு அடிக்கா, யாரு சும்மா இருக்கான்னு மெஷினுக்குத் தெரியும்லா?"

"தெரியும் சார்."

"அத எனக்குக் காட்டேன். நான் போய்ப் பொம்பளப் பிள்ளைக தலைக்குப் பின்னால நின்னா எனக்கும் சங்கடம், அதுகளுக்கும் சங்கடம். என் மேசையில இருந்தே பாத்துக்கிடுவேன்."

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. அவளுக்கும் பின்னால் ஆள் நின்றால் விரல் ஓடாது.

கெர்னலில் பாதியை எழுதிவிட்டு பெங்களூர் போய்விட்ட ஞானதுரை என்ற இன்ஜினியர் ஒரு சின்ன ப்ரோகிராம் விட்டுப்போயிருந்தார். அது கெர்னலின் மெமரிக்குள் நேராகக் கைவிட்டு, இந்த இடத்தில் இது இருக்கும் என்ற நம்பிக்கையில் எடுத்துக் காட்டும். கெர்னலில் ஒரு வரி மாற்றினாலும் இடங்கள் நகர்ந்துவிடும். ப்ரோகிராம் உளறும். ஒருநாள் அப்படி நகர்ந்தபோது, யாரோ ஒருவருடைய அப்பா பெயர் எழுத்தெழுத்தாகத் திரையில் வந்தது. இரண்டாம் டெர்மினலில் இசக்கியம்மாள் அந்த நிமிடம் அடித்துக்கொண்டிருந்த விண்ணப்பம். தங்கத்தாய் கையை எடுத்துக்கொண்டாள். இது காட்டுவது ஆகாது. சுவரை இடித்துப் பார்ப்பது.

ரயில்வே ஸ்டேஷனில் புக்கிங் ஜன்னல் இருக்கிறது. யாரும் உள்ளே போய் டிக்கெட்டை எடுப்பதில்லை. கேட்டால் உள்ளே இருப்பவர் எடுத்துத் தருகிறார். அவர் தருவதுதான் வெளியே வரும். கெர்னலுக்கும் அப்படி ஒரு ஜன்னல் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்படித்தான் அந்த ஃபைலைச் செய்தாள். பார்க்க மற்ற ஃபைல்களைப் போலவே இருக்கும். பெயர் உண்டு, திறக்கலாம், படிக்கலாம். ஆனால் டிஸ்க்கில் கிடையாது. யாராவது திறக்கும்போது கெர்னல் அந்த நேரத்து நிலவரத்தை வரிவரியாக எழுதிக் கொடுக்கும். டெர்மினல் எண், ஆளின் பெயர், ஓடும் ப்ரோகிராம், காலையிலிருந்து தட்டிய விசைகள். நான்கே விஷயங்கள். என்ன அடித்தார்கள் என்பது வராது. அதை விட்டதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. முதலில் ஓடிய அன்று மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டாள்.

கேட்டவர் முதலாளி என்பதால், அவர் டெர்மினலும் தன் டெர்மினலும் மட்டும் திறக்கும்படி வைத்தாள். அதைப் பற்றி அவள் அதிகம் யோசிக்கவில்லை.

இப்போது அந்த நான்காவது விஷயம், விசைகளின் எண்தான் அவளை உட்காரவிடாமல் செய்தது. கெர்னலில் அந்த இடத்தை எடுத்துப் படித்தாள். விசை வந்தால் ஒன்று கூட்டு. அவ்வளவுதான். தவறாகக் கூட்ட அதில் எதுவுமில்லை. மறுபடி படித்தாள். சரியாகத்தான் இருந்தது. எண் சரி என்றால் பெத்துராஜ் சொல்வதும் சரியா? அந்த நினைப்பு வந்ததும் எழுந்து வெளியே போனாள்.

சாப்பாட்டு நேரம். கடையநல்லூரிலிருந்து வரும் மெஹர்பானு புளியங்குடியில் பஸ் மாற வேண்டும். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறி பஸ்ஸில் கூட்டம் கூடிவிட்டதால் புளியங்குடியிலிருந்து நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

"எட்டு மணிக்கு வரணும்னா நான் ஃபஜ்ரு தொழுகையோடயே கெளம்பணும். உம்மா கேக்கா, நீ ஆபீஸ் போறியா, கப்பலுக்குப் போறியான்னு" என்றாள்.

"கப்பல்னா சம்பளம் கூடல்லா தருவான்" என்றாள் இசக்கியம்மாள். "ஏட்டி பானு, உன் மச்சான் துபாய்ல இருந்து சென்ட்டு கொண்டாந்தானே, இந்த யூரியா நாத்தத்துக்கு ரெண்டு சொட்டு விடேன்."

"உனக்கு விட்டா உரம் விலை ஏறிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கத்தாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பானுக்கா, கட்டு எப்பிடி எடுப்பீங்க?"

"இது என்ன கேள்வி? மேல இருக்கத எடுப்பேன். கீழ இருந்து உருவுனா மொத்தமும் சரிஞ்சு பெத்துராஜ் அண்ணாச்சி மண்டையில விழும்."

"விழட்டுமே. மனுசன் கொஞ்சம் அசையட்டும்" என்றாள் இசக்கியம்மாள்.

சுவரோரம் கட்டுகள் தோளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதில் பொறுக்குவதென்றால் எல்லோருக்கும் தெரிந்துதான் நடக்கும். மெஹர்பானு பொறுக்கவில்லை. அப்படியென்றால் எண் எங்கேயோ போகிறது.

மத்தியானம் முழுவதும் திறந்து திறந்து பார்த்தாள். மூன்று மணிக்கு மூன்றாம் வரிதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. நான்கு மணிக்கும் அப்படியே. ஆறு மணிக்கு மட்டும் எப்படிக் கீழே போகும்? டீ ஆறி ஆடை கட்டியது. ஐந்தாகப் போகும்போது மூன்றாம் வரி அறுபத்தைந்தாயிரத்து நானூறைத் தாண்டியிருந்தது. மூடினாள். வேறு எதையோ பார்ப்பதுபோல் இருந்தாள். திறந்தாள்.

முப்பத்தொன்று.

வரி மாறிப் பார்த்துவிட்டோமோ என்று விரலை வைத்துப் பார்த்தாள். மூன்றாம் டெர்மினல், மெஹர்பானு. மறுபடி திறந்தாள். எழுபத்தாறு.

உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்குப் புரிந்தது. ஞானதுரை இடத்தைச் சேமிக்க அந்த எண்ணுக்கு இரண்டு பைட்தான் ஒதுக்கியிருந்தார். இரண்டு பைட்டில் அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்தான் கொள்ளும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் பூஜ்யம். கெர்னலுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அது அந்த எண்ணிடம் கேட்பது ஒன்றே ஒன்று: நான் போன தடவை பார்த்ததற்கு இப்போது மாறியிருக்கிறதா? அதற்கு எண் சுற்றினாலும் ஒன்றுதான். அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தது அவள்தான். ஒன்பதிலிருந்து ஐந்து வரை வேலை இருந்தபோது யாரும் அந்த எல்லையைத் தொடவில்லை. நேரத்தைக் கூட்டியதும் ஒருத்தி மட்டும் தாண்டினாள். எல்லோரையும்விட அதிகம் அடிக்கிறவள்.

முதலாளியின் அறை வாசலில் போய் நின்றாள். அவர் பம்பாய்க்கு டிரங்க் கால் பேசிக்கொண்டிருந்தார். பேசினார் என்பதைவிடக் கத்தினார். திரும்பி வந்தாள். பாதி வழியில் நின்று மறுபடி போனாள்.

"என்னம்மா, வாரதும் போறதுமா இருக்க?" என்றார் ரிசீவரை வைத்துவிட்டு.

"மூணாம் டெர்மினல் எண் தப்பு சார்."

"தப்புன்னா?"

சொன்னாள். கரன்ட் மீட்டர் ஒன்பது ஒன்பதாக முடிந்து பூஜ்யத்துக்கு வருவதைப்போல என்றாள். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"மத்த அஞ்சு பேருக்கும் சரியா காட்டுது. அவளுக்கு மட்டும் தப்பா?"

"மத்தவங்க அந்த அளவு அடிக்கல சார்."

"நீயும் அவளும் ஒண்ணாத்தானே உக்காந்து சாப்பிடுதீங்க?"

அவளுக்குக் காது சூடேறியது. திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இப்பம் திறந்து பாருங்க. காலையிலருந்து அவங்க அடிச்சது ஆயிரத்துச் சொச்சம்னு இருக்கும். கால் மணி நேரம் பாத்துக்கிட்டே இருங்க. கால் மணி நேரத்துல ரெண்டாயிரம் ஏறும். கால் மணி நேரத்துக்கு ரெண்டாயிரம் அடிக்கவ, காலையிலருந்து ஆயிரம்தான் அடிச்சாளா?"

அவ்வளவு நீளமாக அவள் அவரிடம் பேசியதில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஃபைலைத் திறந்தார். ஆயிரத்து எழுநூறு. கொஞ்சம் பொறுத்து மறுபடி திறந்தார். ஆயிரத்து எழுநூறு. மறுபடியும்.

"ஏறலையே."

தங்கத்தாய் கதவைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். மெஹர்பானு எழுந்து நின்று சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெத்துராஜ்.

"சனிக்கிழமை வரைக்கும் இரும்மான்னுதான் சொன்னேன்" என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல்.

"சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு? சும்மா இருக்கவ இங்கன இருந்தா என்ன, வீட்டுல இருந்தா என்ன?" என்றாள் மெஹர்பானு, பையை இழுத்து மூடியபடி. "பொறுக்கி எடுக்கேனாம். கேட்டியா இசக்கி? பொறுக்கி எடுக்கேனாம்."

"பானுக்கா, உக்காருங்க. அடிங்க" என்றாள் தங்கத்தாய்.

"எதுக்கு?"

"முதலாளி பாத்துக்கிட்டு இருக்காரு."

மெஹர்பானு மூடியிருந்த அறைக்கதவைப் பார்த்தாள். பிறகு தங்கத்தாயை.

"எங்கருந்து?"

ஒவ்வொரு டெர்மினலாகச் சத்தம் நின்றது. தங்கத்தாய் கெர்னல், ஃபைல், ஜன்னல் என்று எதையெதையோ சொல்லத் தொடங்கி விட்டுவிட்டாள்.

"நீங்க தட்டுத ஒவ்வொரு தட்டையும் மெஷின் எண்ணுது. அது அவரு மேசையில தெரியும்."

"எல்லாருக்குமா?" என்றாள் இசக்கியம்மாள்.

"எல்லாருக்கும்."

"எத்தன நாளா?"

"ஆனி மாசத்துலருந்து."

"அதான் அண்ணாச்சி இப்பெல்லாம் நம்ம பின்னால வந்து நிக்கதில்ல" என்றாள் இசக்கியம்மாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மெஹர்பானு கேட்டாள். "அத நீயா செஞ்ச?"

"ஆமா. அதுல உங்க எண் தப்பா வருது. தப்பு என்னோடது. நீங்க கொஞ்ச நேரம் அடிச்சீங்கன்னா அவருக்கு விளங்கிரும்."

"மொதல்ல எனக்குக் காட்டு."

"அது இங்கன திறக்காது."

"உன்னால திறக்க முடியாதா?"

முடியும். மெஷின் மொத்தத்துக்குமான பாஸ்வேர்ட் அவளிடம் இருந்தது. முதலாளியைக் கேட்காமல் அதைப் போட்டதில்லை. அவள் மூன்றாம் டெர்மினலின் முன் குனிந்து பாஸ்வேர்டைப் போட்டாள். யாரும் படிக்கலாம் என்று ஃபைலை மாற்றினாள். ஆறு வரிகளும் திரையில் வந்தன.

மெஹர்பானு தன் வரியைப் பார்த்தாள். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பொய்."

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பாதியில் விட்ட விண்ணப்பத்தை எடுத்தாள். அவள் அடிப்பதை இவ்வளவு பக்கத்தில் நின்று தங்கத்தாய் பார்த்ததில்லை. கண் தாளிலேயே இருந்தது. ஒரு தாள் முடிந்ததும் ஃபைலைத் திறந்து எண்ணைப் பார்த்தாள். மூடினாள். அடுத்த தாள்.

எப்போது கதவு திறந்தது என்று தெரியவில்லை. துரைப்பாண்டி ஹாலுக்கு வந்து பெத்துராஜுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இங்கன எப்படித் தெரியுது? யாரக் கேட்டுத் திறந்த?"

"அவங்க இத முன்னாலயே பாத்திருந்தா திங்கட்கிழமையே தப்புன்னு சொல்லியிருப்பாங்க சார். எனக்கு மூணு நாள் ஆச்சு."

அவர் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கால் மணி நேரம் ஆகும்போது மூன்றாம் வரி இரண்டாயிரத்துக்கும் மேல் கூடியிருந்தது. உதடு அசைய மனக்கணக்குப் போட்டார்.

"அப்பம் ஒரு நாளைக்கு எழுபதாயிரத்துக்கு மேலல்லா வருது" என்றார் பெத்துராஜிடம்.

"நம்பர்தான் சார் அப்படிக் காட்டுச்சு" என்றார் பெத்துராஜ்.

துரைப்பாண்டி தொண்டையைச் செருமினார். "நீ இரும்மா. போவ வேண்டாம்" என்று மெஹர்பானுவின் முதுகைப் பார்த்துச் சொன்னார். பிறகு தங்கத்தாயிடம், "காலையில சரி பண்ணிட்டு இத மூடிரு. எல்லாரும் எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தா எவ அடிப்பா?" என்றார்.

மெஹர்பானு திரும்பவில்லை. ஆறு மணிக்கு எழுந்து பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் ஏழு மணிக்கே தங்கத்தாய் வந்துவிட்டாள். எண்ணுக்கு நான்கு பைட் ஒதுக்கினாள். கெர்னலை மறுபடி கம்பைல் செய்து ஏற்றினாள். அது சின்ன வேலை. அடுத்ததில்தான் நின்றுவிட்டாள். மூடச் சொல்லியிருக்கிறார். மூடினால் நேற்றைப்போல இன்னொரு தப்பு வரும்போது, தப்பு என்று சொல்லக்கூடியவளுக்கு அது தெரியாது. திறந்தே விட்டால் இசக்கியம்மாள் மெஹர்பானுவின் எண்ணையும் மெஹர்பானு இசக்கியம்மாளின் எண்ணையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

ஃபைலைத் திறப்பது எந்த டெர்மினல் என்று கெர்னலுக்குத் தெரியும். கேட்பது யார் என்று பார்த்துவிட்டுக் கொடுத்தால் என்ன? மூன்றாம் டெர்மினல் கேட்டால் மூன்றாம் வரி. இரண்டாவது கேட்டால் இரண்டாம் வரி. முதலாளி கேட்டால் ஆறும். கெர்னலில் எட்டு வரி கூடுதலாக எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்தபோது பெண்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாற்காலி காலியாக இருந்தது.

எட்டேகாலுக்கு ஏ.சி. அறைக் கதவு திறந்தது. மெஹர்பானு. முக்காடு காற்றில் கலைந்திருந்தது. இந்த அறைக்குள் அவள் வந்ததே இல்லை. இப்போதும் வாசலில்தான் நின்றாள்.

"வாப்பாகிட்ட சொல்லல. சொன்னா வர விடமாட்டாரு" என்றாள். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் எந்திரிச்சு வெளிய போனா அது என்ன காட்டும்?"

"ஒண்ணும் காட்டாது. எண் அப்படியே நிக்கும்."

"ஏன் நிக்குன்னு காட்டுமா?"

"அது மெஷினுக்குத் தெரியாதுக்கா."

"ஃபாரத்துல எழுத்து வெளங்கலன்னா வெளிச்சத்துல தூக்கிப் பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரு பேர அடிக்கதுக்கு அஞ்சு நிமிஷம் ஆவும். அதுவும் நிக்கதுதானா?"

"நிக்கதுதான்."

"அவருக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"நீ சொல்லலையா?"

தங்கத்தாய் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"போய்ச் சொல்லு. சொல்லிட்டு வா. பொறவு நான் உக்காருதேன்" என்றாள் மெஹர்பானு.

கீழே காரை எடுக்கும் சத்தம் கேட்டது. முதலாளி மதுரைக்குப் புறப்படுகிறார். தங்கத்தாய் செருப்பைத் தேடவில்லை. மெஹர்பானு வழிவிட்டாள். ஹாலைத் தாண்டி, பெத்துராஜ் "எங்கம்மா" என்றதைத் தாண்டிப் படியிறங்கினாள். கார் உரக்கடை வாசலிலிருந்து ரோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டினாள். துரைப்பாண்டி கண்ணாடியை இறக்கினார்.

"என்னம்மா, பஸ்ஸ நிறுத்துத மாதிரி?"

"ரெண்டு விஷயம் சார். நீங்க மூடச் சொன்னத நான் முழுசா மூடல. அவங்கவங்க வரி அவங்கவங்களுக்குத் தெரியும்."

அவர் முகம் சுருங்கியது. "இன்னொண்ணு?"

"அந்த எண்ணுக்குத் தெரியாதது என்னென்னன்னு உங்களுக்குச் சொல்லணும். அதக் கேட்டுட்டு நீங்க போகணும்."

பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தது. துரைப்பாண்டி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.